நண்டைத் தட்டில் வையுங்கள்

தொடக்கப் பள்ளிகளுக்கு ஓவிய ஆசிரியர் என்று தனியாக யாரும் வருவதில்லை. தமிழும் கணக்கும் எடுக்கிற அதே ஆசிரியர்தான் படம் வரையவும் சொல்லித்தர வேண்டும். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு பேர். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிற, இந்தக் கரையோரத்து ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கரும்பலகையில் படம் போட்டு "இதப் பாத்து வரைங்க" என்று சொல்வதை நிறுத்துவது. அப்படிச் சொன்னால் பிள்ளை பார்ப்பது மீனையோ மரத்தையோ அல்ல, நம்முடைய கோட்டை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எந்தப் பள்ளியிலும் "இயற்கைக் காட்சி வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஆறு, குடிசை, ஒரு தென்னை. நம் கரையில் மலை எங்கே இருக்கிறது? ராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் கெந்தமாதன பர்வதம், அதுவும் மணல்மேடுதான். வருசம் முழுக்க ஓடுகிற ஆறும் கிடையாது. வாசலில் வள்ளம் கிடக்கிற வீட்டுப் பிள்ளை தான் பார்த்தே இராத மலையை வரைகிறது என்றால், யாரோ அதற்கு அதைக் கரும்பலகையில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம்.

அதனால் பொருளையே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். நான் வருசா வருசம் நண்டில்தான் தொடங்குகிறேன்.

நீலக்கால் நண்டு நம் பக்கம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பாதிப் பிள்ளைகளின் அம்மாவோ சித்தியோ நண்டு உடைக்கிற கம்பெனிக்குப் போகிறார்கள். ஆனால் "நண்டு வரை" என்று வெறுமனே சொன்னால் சிவப்பு நண்டுதான் வரும், அதுவும் சிரித்த முகத்தோடு. சிவப்பு நண்டு புத்தகத்தில் இருக்கிறது, குழம்புச் சட்டியில் இருக்கிறது. வலையிலிருந்து எடுக்கிற ஆண் நண்டு நீலம், பெண் நண்டு பழுப்புப் பச்சை. இது தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் பென்சிலை எடுத்ததும் தனக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை வரைகிறது. அதை மாற்றுவதுதான் நம் வேலை.

காலையில் கரைக்குப் போகிற பெற்றோர் ஒருவரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். கால் ஒடிந்த நண்டுக்கு நல்ல விலை கிடைக்காது. கேட்டால் சும்மாவே தருவார்கள். உயிர் போன நண்டாக இருக்கட்டும். உயிரோடு இருந்தால் பிள்ளைகள் கவனம் முழுக்க அது யாரைக் கடிக்கும் என்பதில் போய்விடும். நாலைந்து பிள்ளைக்கு ஒன்று போதும். நனைத்த சாக்குத் துண்டை எவர்சில்வர் தட்டில் விரித்து அதன்மேல் வையுங்கள். இந்தப் பாடத்தை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் நாறிவிடும்.

முதல் பத்து நிமிசம் பென்சில் கிடையாது. பேச்சு மட்டும்.

"கால் எத்தன?" பத்து என்பார்கள். "பத்தும் ஒரே மாதிரியா?" இல்லை. முன்னால் இரண்டு கொடுக்கு, அப்புறம் இரண்டு பக்கமும் மும்மூன்று நடக்கிற கால், கடைசி ஜோடி துடுப்பு மாதிரித் தட்டை. "ஏன் தட்டையா இருக்கு?" நீந்துவதற்கு. இதை எவனாவது ஒருவன் சொல்லிவிடுவான், நாம் சொல்ல வேண்டாம். "ஓட்டோட ஓரத்துல விரல வச்சு ஓட்டிப் பாரு, என்ன தட்டுது?" பக்கத்துக்கு ஒன்பது பல் இருக்கும். ஒன்பதாவது மட்டும் நீளமான முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எண்ணச் சொல்லுங்கள். பிறகு நண்டைத் திருப்பிப் போடுங்கள். வயிற்று மடிப்பு ஒடுக்கமாக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். இதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட நமக்குப் பாடம் எடுக்கும். எடுக்கட்டும்.

இதற்குப் பிறகுதான் தாள். கரித்துண்டோ தடித்த கிரேயானோ கொடுங்கள், கூர்சீவிய பென்சில் வேண்டாம். அழிப்பானை எல்லாம் வாங்கி என் மேசையில் வைத்துக்கொள்வேன். சொல்வது ஒன்றே ஒன்று: "நண்டு தாள் முழுக்க இருக்கணும். கால் நாலு ஓரத்தையும் தொடணும்." இப்படிச் சொல்லாவிட்டால் தாளின் மூலையில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வரைந்துவிட்டு முடித்துவிட்டேன் என்று நீட்டுவார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று நான் சொல்வதில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி துடுப்புக் காலிலிருந்து தொடங்கினாள். நாங்கள் எல்லாரும் ஓட்டிலிருந்துதான் தொடங்குவோம். அவள் காலை ரொம்பப் பெரிதாக, அதன் கணு, ஓரத்து மயிர், புள்ளி எல்லாவற்றோடும் போட்டாள். ஓடு வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. கொடுக்குக்கு இடமே இல்லை. அழுகிற மாதிரி என்னைப் பார்த்தாள். இன்னொரு தாளைப் பக்கத்தில் வைத்துப் பசையால் ஒட்டிக் கொடுத்தேன். அப்புறம் மேலே இன்னொன்று. கடைசியில் மூன்று தாள் நண்டு. அன்று வகுப்பில் எல்லாருக்கும் ஒட்டுத்தாள் வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் முன்கூட்டியே பசை காய்ச்சி வைத்துக்கொள்கிறேன். தாள் போதவில்லை என்றால் குறுக்கி வரையச் சொல்லாதீர்கள், தாளை நீட்டிக் கொடுங்கள்.

ஒரு படம் முடிந்ததும் அதைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, நண்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி, இரண்டாவது படம் வரையச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்தப் பிள்ளையே பார்க்கட்டும். அடுத்த பிள்ளையின் படத்தோடு மட்டும் ஒருநாளும் ஒப்பிடாதீர்கள்.

வண்ணம் அடிக்கும் நாளில் நீலம், மஞ்சள், வெள்ளை மூன்று மட்டும் கொடுங்கள். பச்சையைத் தனியாகக் கொடுத்தால் அதை அப்படியே பூசிவிடுவார்கள். கொடுக்காவிட்டால் நீலத்தையும் மஞ்சளையும் கலந்து பார்ப்பார்கள். பெண் நண்டுக்குத் தேவையான மங்கல் பச்சை அப்படித்தான் கிடைக்கும். பழுப்புக்குக் கொஞ்சம் செம்மண் தொட்டுக்கொள்ளலாம்.

பொருளுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. கரி நம் மாவட்டத்தில் கிடைக்காத ஊர் இல்லை. சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கமெல்லாம் வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பெரிய தொழில். ஆனால் அந்தக் கரி கெட்டியானது, தாளைக் கீறும். தரையில் வரைய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு வேண்டியதை நாமே செய்யலாம். முருங்கை போன்ற மென்மரத்துக் குச்சியைப் பென்சில் கனத்துக்கு ஒடித்து, பட்டை உரித்து, நன்றாகக் காயவைத்து, ஒரு தகர டப்பாவில் இறுக்கமாக அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை. அடுப்புத் தணலில் டப்பாவை வைத்தால் ஓட்டை வழியாகப் புகை வரும். புகை நின்றால் கரி தயார். டப்பா முழுதாக ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். இதைச் சமையல் கூடத்து அக்காவிடம் சொல்லிச் செய்யுங்கள், பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

நரிப்பையூர், சாயல்குடி பக்கத்து ஆட்களுக்குத் தேரிமண் என்கிற செம்மணல் கையருகே இருக்கிறது. தண்ணீரில் கலக்கி, கனத்த மணல் அடியில் இறங்கியதும் மேலே நிற்கிற சிவப்புத் தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டால், அடியில் படிகிற வண்டல்தான் வண்ணம். ஊறவைத்த வேப்பம்பிசினைச் சேர்த்தால் தாளில் ஒட்டும். மஞ்சள்தூளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டு பார்த்த பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் தன் கையால் கலந்து அது மாறுவதைப் பார்க்கும்போது போடுகிற சத்தம் வேறு. மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும், அதனால் அந்தப் படங்களைச் சன்னல் பக்கம் ஒட்டாதீர்கள். தாளுக்குக் காலண்டரின் பின்பக்கம், ஒருபக்கம் அச்சடித்த நோட்டீஸ், சிமெண்டுச் சாக்கின் உள்தாள். அரசு கொடுக்கும் வண்ணப் பென்சிலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள். வீட்டில் வரையட்டும்.

கணவாய் ஓட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரையில் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கிறதே, அதுதான். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதைத்தான். ஒரு பக்கம் வழவழவென்று கட்டியாக இருக்கும், மறுபக்கம் சாக்பீஸ் மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த மெத்தென்ற பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தட்டையாக்கிக்கொண்டு, மழுங்கிய ஆணியாலோ விளக்குமாற்று ஈர்க்காலோ கோடு கீறலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கே அழுந்தும். கீறிய கோட்டில் கரிப்பொடியைத் தேய்த்து, மேலே ஈரத்துணியால் துடைத்துவிட்டால், கோடு மட்டும் கறுப்பாக நிற்கும். முதலில் நனைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். காய்ந்த ஓட்டைத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறும். சிற்பம் செய்ய நம் பள்ளிகளில் களிமண்கூடக் கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் காலையில் கடற்கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம்.

பொறுக்கும்போது ஒரு எச்சரிக்கை. வெறும் சிப்பி, மட்டி, நண்டு ஓடு, மீன் முள் எல்லாம் சரி. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல்விசிறி, கடல் அட்டை இவை செத்து ஒதுங்கியிருந்தாலும் வகுப்புக்கு வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இவையெல்லாம் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள்தான் ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

மீன் அச்சும் இந்தக் கரைக்கு நன்றாகப் பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் பிடித்த மீனின் அளவைப் பதிந்துவைக்கக் கையாண்ட முறை, கியோட்டாக்கு என்பார்கள். தட்டையான மீனாக, காரல் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்டுக் கழுவி வழவழப்பைப் போக்கி, துணியால் ஒற்றி, செட்டைகளை விரித்துவைத்து, மெல்லிசாக மையைப் பூசி, மெல்லிய தாளை மேலே வைத்து விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். மை அதிகமானால் செதில் தெரியாது, வெறும் கறைதான் விழும். முதல் அச்சைவிட, மை குறைந்த இரண்டாவது அச்சு நன்றாக வரும். வேலை முடிந்த மீனைத் தென்னை மூட்டில் புதைத்துவிடுங்கள். வண்ணம் பட்டதை யாரும் குழம்புக்குக் கொண்டுபோகக் கூடாது.

வயது விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளை சில சமயம் தலையிலிருந்தே காலும் கையும் முளைத்த ஆளை வரையும். வானம் தாளின் மேலே ஒரு பட்டை, கடல் கீழே ஒரு பட்டை, நடுவில் வெறும் இடம் என்று விடும். விசைப்படகை வரைந்து, பலகைக்கு உள்ளே ஐஸில் கிடக்கிற மீன் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரிப் போடும். உலகத்தில் பல ஊர்ப் பிள்ளைகளும் அந்த வயதில் இப்படித்தான் வரைகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை அல்ல, உள்ளே இருப்பதாகத் தெரிந்ததை வரைகிறார்கள். "பலகைக்குள்ள இருக்க மீன் எப்படிடா தெரியும்?" என்று கேட்டுவிடாதீர்கள். "இது என்ன மீன்? யாரு பிடிச்சது?" என்று கேளுங்கள், கதை வரும். இந்தச் சின்ன வகுப்புகளுக்குத் தாளைவிடத் தரையும் சாக்பீஸும் நல்லது. கை முழுக்க ஆடும். இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருக்கும்போது சின்னவர்கள் தரையில், பெரியவர்கள் தாளில் என்று பிரித்துவிட்டால் எனக்கும் கை ஒழியும்.

நாலு, ஐந்தாம் வகுப்பில்தான் "எனக்கு வராது டீச்சர்" தொடங்கும். தான் வரைந்ததும் எதிரில் இருப்பதும் ஒன்றாக இல்லை என்று அவர்களுக்கே தெரிய ஆரம்பிக்கிற வயது அது. இங்கே கொஞ்சம் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். ஒரு சங்கைக் கொடுத்து, தாளைப் பார்க்காமல் சங்கின் ஓரத்தை மட்டும் கண்ணால் மெதுவாகத் தொடர்ந்து, கண் போகிற வேகத்தில் கையும் போகட்டும் என்று சொல்லுங்கள். வருகிற படம் கோணல்மாணலாக இருக்கும். ஆனால் அந்தச் சுருளின் திருப்பம் ஒன்றாவது உயிரோடு விழுந்திருக்கும். அதைச் சுட்டிக்காட்டுங்கள். இரண்டு சிப்பியை ஒன்றன் முன் ஒன்றாக வைத்து, பின்னால் இருப்பதில் எவ்வளவு மறைகிறது என்று பார்க்கச் சொல்வது இன்னொரு நல்ல பயிற்சி. அடிவானத்தைக் காட்டவும் இதுதான் வயது.

படத்தைப் பார்த்து "சூப்பர்", "அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கண்ட ஒன்றைச் சொல்லுங்கள். "வலையோட கண்ணு ஒவ்வொண்ணா போட்டிருக்கியே ராசா, எம்புட்டு நேரமாச்சு?" அவ்வளவுதான். பிள்ளையின் படத்தில் நம் கையால் கோடு போட்டுத் திருத்தவே கூடாது. மதிப்பெண்ணும் வேண்டாம். போட்டிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், அந்த வாரம் பிள்ளை தானாக வரைந்த ஒன்றை அனுப்புங்கள். ஒரே படத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய வைத்துப் பரிசு வாங்குவதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

நம் கரையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சில வீடுகளில் உயிருள்ளவற்றை உருவமாக வரைவதை விரும்பமாட்டார்கள். பிள்ளை தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், காரணம் கேட்டு எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். சிப்பியின் வரி, ஓலைப்பாயின் பின்னல், வலைமுடிச்சு, கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசல் கல்தூணில் கொத்தியிருக்கிற பூவேலை என்று வரைய எவ்வளவோ இருக்கிறது. புள்ளிக்கோலத்தில் கைதேர்ந்த பிள்ளையும் இந்தப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வார்கள்.

ஆண்டில் இரண்டு தடவையாவது வெளியே கூட்டிப்போங்கள். முதலாவது கடல். மண்டபத்தில் தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்பார்கள். தெற்கேயிருந்து வீசுகிற சோழகக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும், வாடையில் மாறிவிடும். ஒரே நாளில் இரண்டு கரையிலும் நிறுத்தி, "கடல் என்ன நிறம்? இப்ப சொல்லு" என்று கேளுங்கள். கலங்கல், பாசிப்பச்சை, தூரத்தில் கருநீலம், கரையோரம் மண் நிறம். அதன்பிறகு நீலக் கிரேயானை மட்டும் எடுக்கிற பிள்ளை குறைவு. படகு வரையத் தோதான நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிலவற்றைக் கரையேற்றிப் பழுதுபார்த்து வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீரில் நிற்கும்போது தெரியாத அடிப்பாகம் முழுக்க அப்போதுதான் தெரியும். கோடை விடுமுறைக்கு முன்னால் ஏப்ரலிலோ, பள்ளி திறந்த கையோடு ஜூனிலோ போகலாம்.

இரண்டாவது, ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கிற ராமலிங்க விலாசம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். சுவரோவியங்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. இன்று தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுப்பது, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வந்து பார்ப்பது, ராமாயணக் கதை எல்லாம் சுவர் முழுக்க இருக்கிறது. நாலு, ஐந்தாம் வகுப்பை மட்டும் கூட்டிப்போங்கள். எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். ஒரு சுவரை எடுத்து, அதன் முன் தரையில் உட்காரவைத்து, "இதுல யாரு யாரு இருக்கா? யாரு எங்க பாக்குறாங்க?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். சுவரில் கை படக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்த வாரம், தன் ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அதேபோலக் கட்டம் கட்டமாக வரையச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது வந்தது, சந்தனக்கூடு வந்தது, ஒரு மாமாவின் கல்யாணம் வந்தது.

பெற்றோருக்குக் காட்ட, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற நாள் வசதி. ஓட்டை விழுந்து ஒதுக்கிய வலையை வராந்தாவில் குறுக்கே கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் எல்லாப் பிள்ளையின் படத்தையும் மாட்டுங்கள், நல்லது கெட்டது என்று பொறுக்காமல். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், வகுப்பு, தேதி, என்ன வரைந்தது என்று பிள்ளை சொன்ன வாக்கியம் ஒன்று. கூட்டம் முடிந்ததும் உடனே இறக்கிவிடுங்கள், உப்புக்காற்றில் தாள் இரண்டே நாளில் நமுத்துத் தொங்கிப்போகும். கரிப் படங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து அடுக்கி, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, வேப்பிலையோடு பீரோவின் மேல் தட்டில் வையுங்கள். தரையோடு வைத்தால் கரையான் தின்றுவிடும்.